நாற்காலியில் வெள்ளையம்மாள்

மில்லில் இனிமேல் யாரும் யாரையும் மட்டம் தட்டக்கூடாது என்று சூப்பர்வைசர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். நடித்துக் காட்ட ஒரு தொழிலாளி வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வந்த மேடம் கேட்க, ஸ்பின்னிங்கிலிருந்து வெள்ளையம்மாளைக் கூட்டிவந்தார்கள். "இன்னைக்கு நீங்கதாம்மா சூப்பர்வைசர். உங்க சூப்பர்வைசர் குழந்தைவேலு சார் உங்ககிட்ட வேலை பாக்கறவர். பயப்படாம கேளுங்க" என்று மேடம் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

கேட்க அவளிடம் ஒன்று இருந்தது. நூல் அறுந்ததற்காகப் போன மாசம் ஷிப்ட் முழுக்க, போகிறவர் வருகிறவர் பார்க்கத் தன்னை வாசலில் நிற்கவைத்தாரே குழந்தைவேலு, அது ஏன் என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் அந்தக் கேள்வி அவள்கூடவே வந்தது.

குழந்தைவேலு எதிரே வந்து நின்றார். தோளைக் குறுக்கி, சட்டை நுனியை முந்தானைபோல விரலில் சுற்றி, கண்ணைப் படபடவென்று சிமிட்டி, "த... தப்புதானுங்க சார்" என்றார். கூடமே வெடித்துச் சிரித்தது. "அச்சு அசல் வெள்ளையம்மாதாய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பாத்தீங்களா, அவங்க வலியை சார் எவ்வளவு நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கார்!" என்று மேடம் கைதட்டினார். "ம், நீங்க கேளுங்கம்மா."

வெள்ளையம்மாள் வாயைத் திறந்தாள். எதிரே அவளே நின்றுகொண்டிருந்தாள். தான் இப்படித்தான் நின்றிருக்கிறோம் என்பதை இப்போதுதான் பார்க்கிறாள். அந்தச் சீவனிடம் போய் எதைக் கேட்பது? எழுந்து, நாற்காலியை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"நின்னது போதும், உக்காரு கண்ணு" என்றாள்.