தாத்தாவின் கல்யாணக் கோட்டு

கர்த்தர் சாட்சியாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அருங்காட்சியகம் வாங்காவிட்டால் தாத்தாவின் கல்யாணக் கோட்டை அடுப்பில் போடுவதாக என் மனைவி ஹெலன் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனேன்.

"இதுபோல நிறைய இருக்கே ஐயா. இதுல என்ன விசேஷம்?" என்றார் பொறுப்பாளர் சுகிர்தா.

"எங்க ஊட்டு மாப்பிள்ளைங்க இதப் போட்டுக்கினுதான் சர்ச்சுக்குப் போவணும்மா. எனக்கும் தம்பி ஸ்டீவனுக்கும் ஒரே நாள்ல கல்யாணம். கோட்டு ஒண்ணுதான். கும்மிடிப்பூண்டி கம்பி கம்பெனியிலேந்து ராடு எடுத்தாந்து என் மண்டைய ஒடச்சான். நான் அவன் காதக் கடிச்சித் துப்பிட்டேன். இந்தக் கறை எங்க ரெண்டு பேரு ரத்தம்."

"தம்பி இப்போ எங்கே?"

"கேட்டாண்ட அருவாளோட நிக்கறான். கோட்டோட நான் வெளிய வந்தா வெட்டுவான்."

சுகிர்தா கோட்டை வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.