தப்பு டியூஷன்

ஆதிரை ஆறு மாதமாகத் தப்பு டியூஷன் போகிறாள். எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்குவதால், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நூறு என்றாலே சந்தேகம். எழுதியது இயந்திரமல்ல, மனிதப்பிறவிதான் என்று நம்ப, விண்ணப்பத்தில் எங்காவது ஒரு தப்பு வேண்டும். அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரிந்தாலோ, இடம் கிடையாது. இயல்பாகத் தப்புச் செய்யச் சொல்லித்தருவதுதான் அந்த டியூஷன்.

அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலையில் அம்மா புனிதா மகளின் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள். திரையின் மூலையில் 'இடம் கிடைக்கும் வாய்ப்பு: 81%' என்று இருந்தது. நேற்று வரை பன்னிரண்டைத் தாண்டாத எண் அது.

அப்படி என்ன தப்பு? மதிப்பெண்களில் இல்லை. கட்டுரையிலும் இல்லை. 'தந்தை இறந்த நாள்' என்ற இடத்தில் இருந்தது. மார்ச் ஒன்பதுக்குப் பதிலாக மார்ச் பத்தொன்பது.

"இது டியூஷன்ல சொல்லிக் குடுத்ததாடி?"

ஆதிரை புத்தகங்களைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

"இல்ல, நெசமாவே அப்பா போன தேதிய மறந்துட்டியா?"

"எதுன்னு சொன்னா நீ அழமாட்டம்மா?"

புனிதா தேதியைத் திருத்தாமல், 'அனுப்பு' என்ற பொத்தானைத் தானே அழுத்தினாள்.