தகர வேல்

பஞ்சநாதன் காலையிலிருந்து வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார். பரணைக் கவிழ்த்துக் கொட்டியும் அந்தத் தகர வேல் கிடைக்கவில்லை. ஒரு பிரதிகூட மிஞ்சாமல் எரிந்துபோன பழைய முருகன் படத்தில் கதாநாயகன் ஏந்திய வேல் அது. அப்படியொரு படம் வந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, வேலின் அகன்ற தலையில் சிவப்பு மையால் எழுதியிருந்த படத்தின் பெயர்தான்.

"அந்த வேலா?" என்றாள் மனைவி கோமளா. "வேல் வீட்ல இருந்தா தினம் பூசை பண்ணணுங்க. இல்லேன்னா ஆகாது. வெள்ளையடிச்சப்பவே தெருமுனைக் கோயில்ல குடுத்துட்டேன்."

"அடிப்பாவி! அது சினிமா வேலுடி!"

"வேல்ல என்ன சினிமா வேலு?"

சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஓடினார். சன்னிதிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் குத்தி நின்றது வேல். அவரைப் பார்த்ததும் பூசாரிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கய்யா! யாரோ சிவப்புல என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. நல்லாச் சுரண்டிட்டு, இன்னைக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம்."

வேலின் தலை முழுக்கப் பச்சை எனாமல் பளபளத்தது: 'உபயம்: பஞ்சநாதன் குடும்பத்தார்.'

பூசாரி தூரிகையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இனிஷியல்தான் விட்டுப்போச்சு. சொல்லுங்க, ஈரம் காயறதுக்குள்ள போட்டுடலாம்."