பட்டை சொன்ன ஏழு மணி நேரம்

காலை பத்து மணிக்கு பெனிட்டாவின் கைப்பட்டையில் 'தூக்கம் போதும், பறக்கலாம்' என்ற பச்சை விளக்கு எரிந்தது. சென்னை விமானத்தின் துணை விமானிக்குத் திடீர்க் காய்ச்சல். வீட்டில் காத்திருப்புப் பணியில் இருந்த அவளுக்கு அழைப்பு. அவள் கணவன் ஜூடினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்று பறந்தால் கேப்டனாவதற்கான மணி நேரம் நிறைந்துவிடும், வேலையும் தூத்துக்குடியிலேயே. கெடு இன்றோடு முடிகிறது; தவறினால் வடகிழக்கின் குளிர் மலைத் தளம் ஒன்றுக்கு மாற்றல்.

"கெளம்பு பெனி, டாக்ஸி சொல்லிட்டேன்."

"நான் தூங்கவே இல்லையே."

"ஏழு மணி நேரம்னு காட்டுதே!"

"பிள்ளை நெஞ்சுல படுத்துக் கெடந்தான். எழும்பிருவான்னு அசையாம கெடந்தேன். அதைத் தூக்கம்னு எழுதிட்டு இது."

அசைவு, மூச்சு, நாடி மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பட்டை தூக்கத்தைக் கணிக்கும். பல் முளைக்கும் குழந்தைக்காக ஒருத்தி கண் விழித்தபடியே அவ்வளவு அமைதியாகக் கிடப்பாள் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டை வந்தபிறகு விமானிகளிடம் யாரும் "தூங்கினீர்களா?" என்று கேட்பதும் இல்லை.

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா. பின்னால எழுபது பேரு இருப்பாங்க."

பட்டையில் எவரும் தொடாத 'இன்று இயலாது' பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். அழைப்பு அடுத்தவருக்குப் போனது. கால் மணி நேரத்தில் ஆணை வந்தது: ஷில்லாங் தளம், துணை விமானி, இன்னும் இரண்டு ஆண்டுகள்.

ஜூடின் டாக்ஸியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான்.

"பிள்ளைக்கு ஸ்வெட்டர் இந்த ஊர்ல எங்க கெடைக்கும்?" என்றான்.