நோரா சாப்பிட்ட தமாலே

"அந்தப் பொம்பளை மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் பெர்க்லிக்குப் பெட்டி கட்டியிருப்பேன்" என்று பொருமினான் எஃப்ரைன்.

"எந்தப் பொம்பளை?" என்றாள் தங்கை ஜாஸ்லின், அவன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை எடுத்தபடி.

"அதோ, ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான். நோரா."

கேன்டீன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நோராவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஆகஸ்டில் எஃப்ரைனின் கால்குலஸ் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். அன்று பிடித்தது சனி.

ஃப்ரெஸ்னோ பக்கத்து இரண்டு வருடக் கல்லூரி அது. இங்கே நல்ல கிரேடு வாங்கினால் மூன்றாம் வருடத்துக்குப் பெர்க்லி மாதிரி பெரிய இடத்துக்கு மாறலாம். எஃப்ரைன் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பித்திருந்தான். கால்குலஸில் ஏ வந்தால் ஆசைப்படலாம். பி வந்தால் அப்பாவோடு பாதாம் தோப்புதான்.

பேராசிரியர் ஹகோபியனின் முறை தனி. இறுதித் தேர்வில் யார் அதிகம் வாங்குகிறாரோ, அந்த மார்க்கையே நூறாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கிரேடு போடுவார்.

சீனியர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். யாரும் ஐம்பதைத் தாண்டக் கூடாது. ஐம்பதே நூறாகிவிடும், வகுப்பு மொத்தமும் ஏ. ஒரு வருடம் தப்பாமல் இந்தக் கூட்டணி நடந்து வந்தது.

இந்த முறையும் ஒத்திகையாக முதல் மாதத் தேர்விலேயே எல்லோரும் ஒற்றுமையாக ஐம்பது வாங்கினார்கள். நோரா மட்டும் தொண்ணூற்றேழு.

எஃப்ரைன்தான் தூது போனான். "மேடம், நீங்களும் எங்களோட சேர்ந்துக்கிட்டா..."

"எனக்குத் தப்பாப் போட வராதே தம்பி" என்று ஆரஞ்சுச் சுளையை நீட்டினாள்.

வேறு வழி? புத்தகத்தைத் திறந்தார்கள். எஃப்ரைன் நோராவைத் திட்டிக்கொண்டே எழுபதுக்கு வந்தான், மறுபடி திட்டிக்கொண்டே எண்பதைத் தொட்டான். அவள் தொண்ணூற்றேழிலிருந்து இறங்குவதாக இல்லை.

"அம்மா செய்யற தமாலேயைக் கொடுத்துப் பாரேன். யாரா இருந்தாலும் கவுந்துடுவாங்க" என்றாள் ஜாஸ்லின்.

கிறிஸ்துமஸ் நெருங்கியதால் வீட்டில் தமாலே மலையாகக் குவிந்திருந்தது. சோள மாவுக்குள் கறி வைத்து, சோளத் தோலில் சுற்றி வேகவைத்தது. அம்மாவின் நீல டப்பா நிறைய அடுக்கிக்கொண்டு போனான்.

"உங்களுக்கு வீடு இருக்கு, வாசல் இருக்கு. இந்த ஏ எதுக்கு மேடம்? ஃபைனல்ல ரெண்டே ரெண்டு கணக்கை விட்டுடுங்க. என் வாழ்க்கையே உங்க கையில இருக்கு."

நோரா டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "உங்கம்மா கைப்பக்குவமா?"

"ஆமாம் மேடம்."

"பார்க்கலாம்" என்று டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பார்க்கலாமை நம்ப மனம் வராமல் தேர்வு வரைக்கும் படித்தான்.

இறுதித் தேர்வு விடைத்தாளை ஹகோபியன் திருப்பிக் கொடுத்தார். எஃப்ரைனுக்கு எண்பத்தெட்டு! வாழ்நாளில் கணக்கில் அவன் வாங்காத மார்க். துள்ளிக் குதிப்பதற்குள் ஹகோபியன் வழக்கம்போல் வகுப்பின் அதிக மார்க்கைப் பலகையில் எழுதினார்.

தொண்ணூற்றெட்டு.

எஃப்ரைன் வகுத்துப் பார்த்தான். ஏ-வுக்குத் தொண்ணூறு வேண்டும், இவனுக்கு எண்பத்தொன்பது சொச்சம். மயிரிழையில் பி.

தமாலேயையும் தின்றுவிட்டு இப்படி ஒரு துரோகமா? நியாயம் கேட்க நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினான்.

ஹகோபியன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தார். மேஜை மேல் நீல டப்பா.

"சார்... அது எங்கம்மா டப்பா!"

அவரால் பேச முடியவில்லை. கையால் உட்காரச் சொன்னார்.

"மூணு நாளாச் சொல்றேன், டப்பாவைக் காலி பண்ணிக் கழுவுங்கன்னு" என்றபடி உள்ளே வந்தாள் நோரா, கையில் இரண்டு காபியோடு. எஃப்ரைனைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எஃப்ரைன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா முழிக்கிறே? இவரோட இருபத்தஞ்சு வருஷமாக் குடும்பம் நடத்தறேன். நானும் கணக்கு டீச்சரா இருந்தவதான்."

"அப்போ உங்க தொண்ணூத்தெட்டு?"

"நான் இந்தக் காலேஜ்ல சேரவே இல்லையே! என் மார்க் எதிலயும் சேராது. வகுப்புல நீதான் முதல். உன் எண்பத்தெட்டுதான் நூறு."

எஃப்ரைனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நொடியே கோபம் வந்தது. "எல்லாரும் அம்பது வாங்கியிருந்தாலும் எனக்கு ஏ தானே? நாலு மாசமாத் தூங்க விடாம அடிச்சுட்டீங்களே!"

ஹகோபியன் ஒருவழியாக விழுங்கினார். "அப்படி அம்பதுல ஏ வாங்கிட்டுப் போன பசங்க, அங்கே முதல் பரீட்சையிலயே குப்புற விழுந்து ஊருக்கே திரும்பி வந்துட்டாங்கப்பா. கதவு திறந்தா மட்டும் போதுமா? உள்ளே நிக்க வேண்டாமா?"

"விதியை மாத்தியிருக்கலாமே சார்."

"மாத்தினா நீங்க வேற வழி கண்டுபிடிப்பீங்க. இவளுக்கு எதிரா வழியே கிடையாது. எனக்கே இன்னும் கிடைக்கலை."

நோரா டப்பாவைக் கழுவி, நிறைய ஆரஞ்சு போட்டு நீட்டினாள். "ஜனவரியிலயும் வருவேன். வெளியில மூச்சு விடாதே."

வெளியே வண்டியில் ஜாஸ்லின் காத்திருந்தாள்.

"ஜனவரியில ஹகோபியன் வகுப்பு எங்க முறை. எங்க செட்டு மொத்தமும் அம்பதுன்னு பேசி வச்சாச்சு. அந்தப் பொம்பளை தொலைஞ்சாளாண்ணா?"

எஃப்ரைன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டான்.

"எங்க தொலையறது? உங்க வகுப்புக்கும் வர்றாளாம். ஈவு இரக்கமே இல்லாத பொம்பளைடி. இன்னைக்கே புத்தகத்தைத் திற!"