விலாசம் மாற்றியாச்சு

வேலந்தாவளத்தில் ஷபீரின் மாட்டுத் தீவனக் கடை இடம் மாறி வெகு நாளாகியும் கூகுள் பழைய விலாசத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய புது மனைவி அன்சிலாதான் உட்கார்ந்து அதைத் திருத்தினாள். மறுநாள் காலை, மாறிவிட்டதா என்று பார்த்தவளின் கண் கீழே இருந்த போன் நம்பரில் நின்றது. அவளுக்குத் தெரியாத நம்பர்!

உடனே அழைத்தாள். எடுத்தது ஒரு பெண்.

"ஷபீர் இருக்காருங்களா?" யாரோபோலக் கேட்டாள்.

"அவரு இங்க இல்லீங்க" என்றது தேன் குரல்.

அன்சிலா கத்தினாள். "யாருடி நீ? எம் புருசனை எத்தனை நாளாத் தெரியும்?"

"அய்யோ, அவரைப் பார்த்ததே இல்லீங்க! அவரு விட்ட பழைய நம்பர் எனக்கு வந்துருச்சு. தினமும் ஆம்பளைங்க கூப்புட்டு ஷபீர் இருக்காரான்னு கேக்கறாங்க. கடைக்கு வர்ற போனுன்னு சொன்னா எங்க ஊட்டுக்காரர் நம்பறதில்லை. யாருடி அந்த ஷபீருன்னு உங்களாட்டமேதான் கத்தறாரு."

அன்சிலாவுக்குப் போன உயிர் திரும்பியது. "இப்பவே நம்பரையும் மாத்திடறேனுங்க."

"அதுக்கு முன்னாடி அவரைக் கடையைச் சாத்தச் சொல்லுங்க. போன வாரம் எங்க ஊட்டுக்காரர் தேடிப் போயி, ஆளே இல்லைன்னு திரும்பிட்டாரு. இன்னைக்குப் புது விலாசம் வந்திருக்குதாம். தடியோட இப்பத்தானுங்க கிளம்பினாரு."