தார்ப்பாய் மூடிய குழி

சித்ரலேகா மேடம் எதையோ மறைக்கிறார் என்று கிங்ஸ்டன் முடிவே கட்டிவிட்டான்.

தாமிரபரணிக் கரையில் நடந்த அகழாய்வுக்கு அவர் பொறுப்பாளர். அவன் ஆராய்ச்சி மாணவன். போன வாரம் அவன் தோண்டிய குழியில், பழங்காலத்து மனிதன் ஒருவனின் காலடியில் சுருண்டு படுத்த வாக்கில் ஒரு நாயின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆடு மாடுகளைப் பழக்குவதற்கு முன்பே மனிதனோடு ஒட்டிக்கொண்ட ஜீவனாயிற்றே. கிங்ஸ்டனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே பக்கத்துக் குழியை மேடம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். யாரும் கிட்டப் போகக் கூடாதென்று உத்தரவு வேறு.

மத்தியானமானால் தூக்குச்சட்டியோடு அவர் மட்டும் உள்ளே இறங்குவார். கிடைத்ததையெல்லாம் அதில் வைத்துக் கடத்துகிறாரோ? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தொல்லியல் துறை இயக்குநர் பாலசுப்பிரமணியன் கறார்ப் பேர்வழி. தெருநாய்கள் வந்து பழைய எலும்புகளைக் குதறிவிடும் என்று, அன்றைக்கு நாய்பிடி வண்டியோடேயே வந்து இறங்கினார். கிங்ஸ்டன் நேராக அவரிடம் போய்விட்டான்.

"சார், அந்தக் குழியை மேடம் யாரையும் பாக்க விட மாட்டேங்காவ. நீங்களே வந்து பாருங்க."

மேடத்தின் முகம் வெளுத்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும்படி கும்பிடாத குறையாகக் கேட்டார்.

இயக்குநர் தார்ப்பாயைத் தூக்கினார். கிங்ஸ்டனும் எட்டிப் பார்த்தான்.

உள்ளே, குட்டி போட்ட நாய் ஒன்று. மடியில் முட்டி மோதும் குட்டிகள். பக்கத்தில் பாதி தின்ற தயிர்ச்சோறு. ஆளைக் கண்டதும் அது படுத்தபடியே வாலை ஆட்டியது.

கிங்ஸ்டனுக்கு அவமானமாக இருந்தது. குட்டிகளைப் பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது.

"செத்தவனே அதுக்குக் காலடியில இடம் குடுத்திருக்கான் சார். நாம உயிரோட இருக்கோம்லா?" என்றார் மேடம் மெதுவாக.

அதற்குள் வண்டிக்காரர் சுருக்குக் கயிற்றோடு வந்துவிட்டார். குழிக்குள் நாய் ஏதும் கிடக்கிறதா என்று கேட்டார்.

இயக்குநர் தார்ப்பாயைப் பைய இறக்கினார். காற்றில் பறக்காதபடி ஓரத்தில் ஒரு கல்லையும் தூக்கி வைத்தார்.

"இங்கன ஏதுவே நாய்? ஆராய்ச்சி நடக்குத இடம். நீரு கிளம்பும்."

வண்டி கிளம்பும்வரை அசையாமல் நின்றவர், மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"குட்டியெல்லாம் கண்ணு முழிக்கட்டும்மா. அதுவரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க, நானே வந்து கேட்டாலும்."